சிறுகதையின் ஓரத்தில் மாணவர்கள் எழுத வேண்டியது என்ன?

தண்டையார்பேட்டை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலோர் காசிமேடு, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் பாதிப்பேர் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஓ. ஹென்றியின் ‘ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ்’ சிறுகதையைக் கொடுத்து, பென்சிலால் குறிப்பெடுத்துக்கொண்டே படிக்குமாறு சொன்னேன். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் சந்திப்பதாக வாக்களித்த பாப், ஜிம்மி என்ற இரு நண்பர்களின் கதை அது: காத்திருக்கும் பாப்பிடம் வந்து பேசும் காவலரே ஜிம்மி என்பது பாப்புக்குத் தெரியாது; பாப் தேடப்படும் குற்றவாளி என்று அறிந்த ஜிம்மி, தன் பெயரில் வேறொரு காவலரை அனுப்பி அவனைப் பிடிக்கிறான்.

என்னிடம் திரும்பி வந்த தாள்கள் இரண்டே வகையாக இருந்தன. ஒருவகையில் ஏறத்தாழ எல்லா வரிகளும் அடிக்கோடிடப்பட்டு, கடினமான சொற்களின் தலைமேல் தமிழ்ப் பொருள் எழுதப்பட்டிருந்தது. ஓரம் வெறுமையாக இருந்தது. மற்றொரு வகையில், கடையில் விற்கும் கைடில் உள்ள ‘நட்புக்கும் கடமைக்கும் இடையே போராட்டம்’ என்ற வாசகம் ஓரத்தில் அப்படியே இறங்கியிருந்தது. பிறகு கதையை ஆராய்ந்து ஒரு பத்தி எழுதச் சொன்னபோது எல்லோரும் கதைச் சுருக்கத்தையே எழுதினார்கள்.

ஆனால் இதே பிள்ளைகளிடம் கதையை வாய்மொழியாகச் சொன்னால் நுட்பமாகக் கேள்வி கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்கு, பூட்டிய ஹார்டுவேர் கடை வாசலில், இருட்டில் ஒருவன் நிற்கிறான் என்றதும் ஒரு மாணவி எழுந்து, “எங்கள் தெருவில் முன்பின் தெரியாதவன் அப்படி நின்றால் நான்கு வீட்டுக் கதவு திறக்கும், இங்கே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே, ஏன்?” என்றாள். இந்தக் கேள்வி ஏன் தாளுக்கு வருவதில்லை என்பதே என் கவலை.

மாணவர்கள் எதைக் குறிக்க வேண்டும், குறித்ததிலிருந்து ஆய்வுப் பத்திக்கு எப்படிச் செல்ல வேண்டும், ஓரத்தில் தமிழில் எழுத அனுமதிக்கலாமா, நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் இதை எப்படி நடத்துவது என்பவற்றில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். அந்த மாணவி கேட்டதுதான் சரியான ஓரக்குறிப்பு. படிக்கும்போது எழுகிற ஐயத்தை, அது மறைவதற்குள், எழுந்த இடத்திலேயே பதிந்துவைத்தால் போதும். விடையை அப்போதே எழுத வேண்டிய தேவையில்லை.

முதல் வாசிப்பின்போது பென்சிலைக் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கதை எங்கே போய் முடியும் என்று தெரியாத வாசகருக்கு எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரிக்க வழியில்லை. ஆகவே அவர் எல்லாவற்றையும் அடிக்கோடிடுகிறார். எட்கர் ஆலன் போ 1842இல் ஹாதோர்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாகவும், முன்பே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கி அதன் ஒவ்வொரு சொல்லும் செல்வதாகவும் இருக்க வேண்டும் என்றார். அந்த விளைவை மாணவர் ஒருமுறை முழுமையாக உணர்ந்துவிட வேண்டும். ஆகவே முதல் பாடவேளையில் நீங்களே ஏற்ற இறக்கத்தோடு கதையை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். கடினமான சொற்கள் பத்துப் பன்னிரண்டை மட்டும் முன்கூட்டியே பலகையில் எழுதிவிட்டால் சொற்பொருள் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் வாசிப்பில்தான் பென்சில். அப்போதும் ‘முக்கியமானதைக் குறியுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், இந்தக் கதைக்கு உரிய ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள். என் கேள்வி இதுவாக இருக்கும்: காவலருக்கு எந்த வரியில் உண்மை தெரிகிறது, அந்த வரிக்குப் பிறகு அவர் பேசுவதெல்லாம் என்ன பொருள் கொள்கிறது?

விடை கதையின் கடைசியில் வரும் கடிதத்திலேயே இருக்கிறது. சுருட்டைப் பற்றவைக்க நீ தீக்குச்சி உரசியபோது, சிகாகோவில் தேடப்படும் மனிதனின் முகத்தைக் கண்டேன் என்று ஜிம்மி எழுதுகிறான். மாணவர்கள் இப்போது திரும்பிச் சென்று தீக்குச்சி உரசப்படும் வரியைத் தேடட்டும். அது கதையின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. சதுரத் தாடையுள்ள வெளிறிய முகம், வலப்புருவத்தின் அருகே சிறிய வெள்ளைத் தழும்பு, விசித்திரமாகப் பதித்த பெரிய வைரக் கழுத்துப்பட்டை ஊசி ஆகியவை அந்த வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. பாப் தன் நண்பனின் பெயரைச் சொல்வதும், உலகிலேயே சிறந்தவன் என்று அவனைப் புகழ்வதும், சற்றுப் பிறகு அவன் கொஞ்சம் மந்தமாக உழைக்கிற ஆள் என்று குறைத்துப் பேசுவதும் எல்லாம் இந்த வரிக்குப் பின்னால் வருகின்றன. அதாவது, தேடப்படுகிறவன் இவன்தான் என்று அறிந்துவிட்ட பிறகே ஜிம்மி தன்னைப் பற்றிய புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டு நிற்கிறான். இதைக் கண்டுபிடிக்கும் நொடியில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, காவலர் பிரியும்போது கேட்கும் கேள்வியைப் பார்க்கச் சொல்லுங்கள். நண்பர் நேரத்துக்கு வராவிட்டால் உடனே போய்விடுவீர்களா என்கிறார்; அரைமணி நேரமாவது காத்திருப்பேன் என்கிறான் பாப். முதல் வாசிப்பில் இது சாதாரண உபசாரப் பேச்சாகத் தெரிகிறது. இரண்டாம் வாசிப்பில், சீருடை அணியாத வேறொரு காவலரை அழைத்துவர எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று ஜிம்மி தெரிந்துகொள்வதாகப் படுகிறது. அல்லது, பாப் எழுந்து போய்விட அவன் ஒரு வாய்ப்பைத் திறந்துவைக்கிறானா? நான் முதலாவதையே ஏற்கிறேன். ஆனால் இரண்டாவதை ஒரு மாணவர் சொன்னால், கதையில் எந்தச் சொல் உங்களை அப்படி நினைக்க வைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்லைக் காட்டிவிட்டால் மறுக்க வேண்டாம்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மழைவாடை கலந்த குளிர்காற்று தெருவை ஏறத்தாழ ஆளற்றதாக்கிவிட்டது என்று கதாசிரியர் சொல்கிறார். தெரு ஏன் வெறிச்சோட வேண்டும்? கடைகள் திறந்து விளக்கெரிந்திருந்தால் பாப்பின் முகம் முதலிலேயே தெரிந்திருக்கும். தீக்குச்சி வெளிச்சத்துக்கு வேலையே இருந்திருக்காது. கதையின் பிற்பகுதியில், மூலையிலுள்ள மருந்துக்கடையின் மின்விளக்கடியில் வந்ததும்தான், தன்னோடு கைகோத்து நடப்பவன் ஜிம்மி அல்லன் என்று பாப் அறிகிறான். ஆக இந்தக் கதையில் இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன: ஒன்றில் ஜிம்மி பாப்பை அறிகிறான், மற்றொன்றில் பாப் தான் ஏமாந்ததை அறிகிறான். ‘ஏன் யாரும் எட்டிப் பார்க்கவில்லை’ என்று ஓரத்தில் எழுதிய பெண், இருட்டையும் வெளிச்சத்தையும் தொடர்ந்து குறித்துக்கொண்டே போனால், அந்தக் குறிப்புகளை வரிசையாக வைத்த உடனேயே ஆய்வுப் பத்தி உருவாகிவிடும். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைப்போல, மேலே தெரிகிற செய்தியை விலக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இருக்கிறது.

பல வண்ண ஹைலைட்டர்களை வாங்கிவரச் சொல்லி, பாத்திரத்துக்கு மஞ்சள், களத்துக்குப் பச்சை என்று பிரிக்கும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வகைப்படுத்தும் வேலையாக மட்டுமே நின்றுவிடுகிறது. சிந்திக்காமலேயே ஒரு பக்கத்தை வண்ணமயமாக்கிவிடலாம். ஓர் அடிக்கோடு இருந்தால் அதன் நேரே ஓரத்தில் குறைந்தது மூன்று சொற்கள் இருக்க வேண்டும், சொற்கள் இல்லாத அடிக்கோட்டை அழித்துவிட வேண்டும் என்ற ஒரே விதி போதுமானது.


வியாசர்பாடி மாலை வகுப்பு ஆசிரியர்:

ஐயா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஓரத்தில் தமிழில் எழுதலாமா என்ற கேள்விக்கு மட்டும் நான் விரிவாக மறுமொழி சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என்னிடம் மாலையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய தடையாக இருந்தது.

தாராளமாகத் தமிழில் எழுத விடுங்கள். ஐயம் தமிழில் எழுகிறது. அதை ஆங்கிலமாக்கி எழுத வேண்டும் என்று சொன்ன உடனேயே, மாணவர் தனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஐயத்தை மட்டுமே எழுதுகிறார். ‘அவன் நல்லவன்’, ‘இது சோகம்’ என்பதற்கு மேல் அதில் எதுவும் வருவதில்லை.

மேலும், நூலின் பக்கத்தில் விளக்கமும் ஐயமும் எழுதிச் சேர்க்கும் வேலை நம் மாணவர்களுக்குப் புதிதே இல்லை. தமிழ் வகுப்பில் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று பிரித்துப் படிக்கிறார்கள். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் பொருளைச் சொல்லி முடித்த பிறகும் நின்றுவிடுவதில்லை; இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது என்று காட்டுகிறார்; வேறு விதமாகப் பொருள் கொள்வாரும் உளர் என்று குறிப்பிட்டு, அது ஏன் பொருந்தாது என்றும் வாதிடுகிறார். உங்கள் மாணவர்கள் கடினச் சொல்லின் தலைமேல் பொருள் எழுதியது பதவுரை. அந்த நிலையைக் கடந்து விளக்கவுரைக்கு வாருங்கள் என்று சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

இதே முறையில், சங்கப் பாடல்களில் படித்த உள்ளுறையையும் இறைச்சியையும், அதாவது இயற்கை வருணனைக்குள் பாத்திரத்தின் மனநிலையை மறைத்துச் சொல்லும் உத்திகளை, நான் ஆங்கிலச் சிறுகதைக்குத் துணையாகக் கொள்கிறேன். கேட் ஷோப்பின் எழுதி 1894இல் ‘வோக்’ இதழில் வெளிவந்த ‘தி ஸ்டோரி ஆஃப் அன் அவர்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஆயிரம் சொற்களே உள்ள கதை. ஒரு பாடவேளைக்குள் இருமுறை படித்துவிடலாம். ரயில் விபத்தில் கணவர் இறந்துவிட்டார் என்ற செய்தியைக் கேட்ட மிசஸ் மல்லார்டு, அழுது ஓய்ந்து, தன் அறையில் தனியே அமர்ந்து திறந்த சன்னல் வழியே பார்க்கிறாள். துளிர்க்கும் மர உச்சிகள், மழையின் மணம், தெருவில் கூவி விற்கிறவரின் குரல், தொலைவில் யாரோ பாடும் பாட்டு, கூரையடியில் சிட்டுக்குருவிகள் எல்லாம் அங்கே வருகின்றன. சாவுச் செய்தி வந்த வீட்டின் சன்னலுக்கு வெளியே இத்தனை உயிர்ப்பு எதற்கு என்று கேட்டால், குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் கருப்பொருள் படித்த மாணவர், அவள் மனத்தில் என்ன எழப்போகிறது என்பதை அவளுக்கு முன்பே அந்த மரமும் மழையும் சொல்லிவிடுகின்றன என்கிறார். இலக்கியக் கலைச்சொல் எதையும் நான் அதுவரை சொல்லியிருப்பதில்லை.

அதே கதையில் அவளுடைய பெயர்களை மட்டும் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் அவள் மிசஸ் மல்லார்டு, அதாவது கணவரின் பெயர்தான் அவள் பெயர். தான் இனி விடுதலை பெற்றவள் என்று அவள் உணர்ந்த பிறகே, கதவுக்கு வெளியிலிருந்து சகோதரி அழைக்கும்போது, லூயிஸ் என்ற சொந்தப் பெயர் கதையில் முதன்முதலாக வருகிறது. கணவர் உயிரோடு வாசலில் வந்து நின்றதும், அவரை அவள் பார்த்துவிடாதபடி மறைக்க முயலும் வரியில், அவள் மீண்டும் அவருடைய ‘மனைவி’யாக ஆகிவிடுகிறாள். தாங்க முடியாத மகிழ்ச்சியால் அவள் இறந்ததாக மருத்துவர்கள் கடைசியில் சொல்கிறார்கள். அந்த மருத்துவர்கள் சொல்வது சரியா தவறா என்று ஒரு பத்தி எழுதச் சொன்னால் எந்தக் கைடும் தேவைப்படாது. வட்டமிட்ட பெயர்களே சான்றாக வந்து நிற்கும்.


திருவொற்றியூர் ஆசிரியர்:

மேலே எழுதிய இருவருக்கும் வணக்கம். தமிழில் எழுத விடுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு இல்லாமல் அதைச் செய்தால் தேர்வில் மாணவரே பாதிக்கப்படுவார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓரம் முழுவதும் அருமையான தமிழ்க் குறிப்புகளை வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பத்தி எழுத உட்கார்ந்ததும் வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்கள் குறித்தது கருத்தை. கதையின் ஆங்கிலச் சொல்லை அன்று.

ஆகவே என் வகுப்பில் குறிப்புக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் கதையிலுள்ள ஆங்கிலச் சொற்களில் மூன்று முதல் ஆறு வரை, ஓர் எழுத்தும் மாறாமல், மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் தன் எண்ணத்தை எந்த மொழியிலும் எழுதலாம். பத்தி எழுதும்போது அந்த ஆங்கில மேற்கோள் நடுவில் தூணாக நிற்கும். அதற்கு முன் ஒரு வாக்கியமும் பின் இரண்டு வாக்கியங்களும் சேர்த்தால் போதும். காட்டுகிறது, உணர்த்துகிறது, மறைக்கிறது, முன்கூட்டியே அறிவிக்கிறது என்ற பொருளுள்ள ஐந்தாறு ஆங்கில வினைகளைப் பலகையின் ஓரத்தில் ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கதையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுவதே மரபு என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கதைச் சுருக்கம் எழுதுகிற கை இறந்தகாலத்தில் ஓடுவதால், காலத்தை மாற்றச் சொன்னவுடனேயே பாதிப்பேர் சுருக்கத்திலிருந்து விலகிவிடுகிறார்கள்.

கைடு வாசகம் ஓரத்தில் இறங்கும் சிக்கலுக்கும் ஒரு வழி உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஆசிரியர் பெயர் இல்லாத கவிதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். நாமும் பாடநூலில் இல்லாத ஒரு கதையின் ஒரு பக்கத்தை, தலைப்பும் பெயரும் நீக்கி, ஆண்டின் முதல் பயிற்சியாகக் கொடுக்கலாம். எந்தக் கைடிலும் இல்லாத பக்கம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் தாளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, முழுக்கதைக்கும் குறிப்பெடுக்க வைப்பது ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் நடவாத காரியம். ஒரே பக்கத்தை, அகலமான ஓரம் விட்டு, ஜெராக்ஸ் எடுத்து, நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். நால்வரும் ஒரே தாளில் எழுதினால் ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் மறுப்பு எழுதுவார். அந்த மறுப்புதான் நமக்கு வேண்டும்.


தண்டையார்பேட்டை ஆசிரியை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தீக்குச்சி வரி வரும் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து நால்வர் குழுக்களாகப் பிரித்து நடத்தினேன். தாங்கள் சொன்ன கேள்வியைக் கொடுத்ததும், வழக்கமாகப் பின்வரிசையில் அமைதியாக இருக்கும் ஒரு மாணவன், “போலீஸ்காரர் கேட்பதற்கு முன்பே இவன் முந்திக்கொண்டு பேசுகிறான்” என்று ஓரத்தில் எழுதினான். அவன் குழுவிலேயே இன்னொருவன் அதன் கீழே, “பயந்தவன் என்றால் ஊர் திரும்பி வந்திருக்கவே மாட்டான்” என்று மறுத்திருந்தான். இரண்டும் சரியாகவே படுகின்றன. இத்தகைய குறிப்புகளுக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.


பழைய வண்ணாரப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

மிக்க மகிழ்ச்சி. அந்த இரண்டு குறிப்புகளும் ஒரே பத்தியில் சேர வேண்டியவை. பாப் அச்சமுள்ளவன், ஆகவே முந்திக்கொண்டு பேசுகிறான். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த வாக்குக்காக ஆயிரம் மைல் கடந்து வந்து, நேரம் தவறாமல் அந்த வாசலில் நிற்கிறான். குற்றவாளியாகிவிட்டவனிடமும் நேர்மையின் ஒரு பகுதி அழியாமல் இருக்கிறது என்பதால்தான் ஜிம்மியால் தன் கையால் அவனைப் பிடிக்க முடியவில்லை. இருவரையும் சேர்ந்து அமர்ந்து, இந்த முரண்பாட்டை ஆறு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைக் குறிப்புகளின் எண்ணிக்கைக்குத் தர வேண்டாம்; தந்தால் எண்ணிக்கை மட்டுமே பெருகும். ஒவ்வொரு மாணவரும் தன் குறிப்புகளில் தனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தேர்ந்து நட்சத்திரக் குறியிடட்டும். அந்த ஒன்றை மட்டும் படித்து, அது கதையின் ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தொடுகிறதா, ‘ஏன்’ அல்லது ‘எப்படி’ என்று கேட்கிறதா, வேறொரு வரியோடு அதை இணைத்துக் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். ஐம்பது பேரின் குறிப்புகளையும் அரைமணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம். ஆங்கிலப் பிழைகளை இந்த நிலையில் திருத்த வேண்டாம். பத்தியாக எழுதி வந்த பிறகு திருத்திக்கொள்ளலாம். திருவொற்றியூர் ஆசிரியர் சொன்ன மேற்கோள் விதியை மட்டும் முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எந்தச் சொல்லைப் பார்த்து அதை எழுதினோம் என்பது மாணவருக்கே மறந்துவிடும்.